ஸ்கோடா லாரா 2010: பின் பிரேக் பேட் வீட்டிலேயே மாற்ற முடியுமா? பிஸ்டன் உள்ளே போகவில்லை

லாரா2010

வண்டி 2010 ஸ்கோடா லாரா, டீசல், மேனுவல் கியர், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பின் பிரேக் பேட் மாற்ற வேண்டும். முன் பேட் மாற்றிப் பழக்கம் உண்டு. பேட்டை டிஸ்க்கில் அமுக்கும் கவ்வியான கேலிப்பரைக் கழற்றி, சி கிளாம்ப் போட்டுப் பிஸ்டனை அமுக்கி, புது பேட்டைச் சொருகி மூடிவிடலாம். அதே கிளாம்பைப் பின்னால் போட்டால் பிஸ்டன் இம்மியும் நகரவில்லை. மேலும் இறுக்கப் பயந்து பழைய பேட்டையே திரும்பப் போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது பக்கம் இரண்டு பேட்டும் ஒரே அளவு, 4 மி.மீ. வரும். இடது பக்கம் வெளிப் பேட் 4, உள் பேட் 1 மி.மீ. கூட இல்லை. ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது, ஆனால் ரொம்ப மேலே தூக்க வேண்டியிருக்கிறது.

பிஸ்டனை எப்படி உள்ளே அனுப்புவது, என்ன டூல் வாங்குவது, டிஸ்க்கையும் சேர்த்து மாற்றணுமா, பிரேக் ஆயிலைத் தொட வேண்டியிருக்குமா? இடது உள் பேட்டை மட்டும் ஏன் இப்படித் தின்றிருக்கிறது என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஸ்பேனர்13

கிளாம்பை அதோடு நிறுத்தினீர்களே, கேலிப்பர் பிழைத்தது. லாராவின் பின் கேலிப்பரில் ஹேண்ட் பிரேக்கும் உள்ளேயே அடக்கம். கேபிள் இழுத்ததும் கேலிப்பர் முதுகில் இருக்கும் லீவர் திரும்பும், அது உள்ளே ஒரு தண்டைத் தள்ளும், தண்டு பிஸ்டனைத் தள்ளும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும் இல்லையா, அந்த இடைவெளியை நிரப்ப அந்தத் தண்டில் மரை வெட்டி, தானாகச் சுழன்று நீளும் ஒரு நட் வைத்திருக்கிறார்கள். அதனால் பிஸ்டனை நேராக அமுக்கினால் மரையோடு மல்லுக்கட்டுகிறீர்கள். முரட்டுத்தனமாக இறுக்கினால் உள்ளே அட்ஜஸ்டர் உடையும், ஹேண்ட் பிரேக் போகும், கேலிப்பரையே மாற்றணும். பிஸ்டனைச் சுழற்றிக்கொண்டே அமுக்க வேண்டும். லாராவில் இரண்டு பக்கமும் கடிகாரச் சுற்று, அதாவது பிஸ்டன் முகத்தைப் பார்த்தபடி வலப்பக்கம்.

டூல்: "பிரேக் பிஸ்டன் வைண்ட் பேக் கிட்" என்று கேட்டால் ஆன்லைனிலும் கிடைக்கும், சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்கும். ஒரு திருகுத் தண்டு, கேலிப்பரில் முட்டுக்கொடுக்க ஒரு தகடு, முன்பக்கம் இரண்டு முளை உள்ள பல அளவு வட்ட அடாப்டர்கள் வரும். பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டுகளில் அந்த முளை ஆடாமல் உட்காரும் அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். மூக்கு நீண்ட பிளையரால் சுற்றிவிடலாம் என்பார்கள். சுற்றும், ஆனால் அமுக்கும் விசை கிடைக்காது. வழுக்கினால் முதலில் கிழிவது ரப்பர் பூட்.

மற்றவை: 13 மி.மீ. ஸ்பேனர், தலை மெல்லிய 15 மி.மீ. ஓப்பன் ஸ்பேனர், வீல் போல்ட்டுக்கு 17 மி.மீ. சாக்கெட், குறித்த அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்ச், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், கேலிப்பர் கிரீஸ், கட்டித் தொங்கவிட ஒரு கம்பி. திருட்டுத் தடுப்பு வீல் போல்ட் இருந்தால் அதன் அடாப்டரை முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

பேட் வாங்கும்போது மாடல், வருஷம் மட்டும் சொன்னால் போதாது. இந்த வண்டியின் பிளாட்ஃபார்மில், அதாவது அடிக்கட்டமைப்பில், பின் டிஸ்க் 10 மி.மீ. தடிமனிலும் வரும், 12 மி.மீ. தடிமனிலும் வரும். டிக்கியில் ஸ்பேர் வீல் குழிக்குள் ஒரு ஸ்டிக்கர், அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கும். அதிலுள்ள மூன்றெழுத்துக் குறியீடுகளில் "1கே" என்று தொடங்குவது பின் பிரேக்குக்கானது. அதைச் சொல்லிக் கேளுங்கள். டப்பாவில் நான்கு பேட்டும், கேலிப்பருக்கு நான்கு புது போல்ட்டும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். அந்த போல்ட் மரையில் பூட்டுப் பசை பூசியே வரும், ஒருமுறைதான் பயன்படும். போல்ட் இல்லாத செட்டை வாங்க நேர்ந்தால் பழையதன் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு விட்டுப் போடுங்கள்.

இனி வேலை. தரை சமமாக இருக்கணும். முதல் கியரில் விட்டு, முன் வீல் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. முன் வீல் டிரைவ் என்பதால் கியர் முன் வீலைப் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கிவிடுங்கள். போட்டபடி வைத்தால் கேலிப்பர் கழன்று வராது, பிஸ்டனும் சுற்றாது. வீல் போல்ட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, கதவுக்கு அடியில் உள்ள சில் ஓரத்தில் குறி போட்ட இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே வீலைக் கழற்றுங்கள். கழற்றிய வீலைப் படுக்கவைத்து அந்தச் சில் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிட்டால் அது இரண்டாவது காவல்.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது ஆயில் மேலே ஏறும். "மேக்ஸ்" கோட்டை ஏற்கனவே தொட்டிருந்தால், ஊசி சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சிவிடுங்கள். பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும், துடைத்தால் மட்டும் போதாது.

கேலிப்பரின் இரண்டு போல்ட்டும் 13. போல்ட்டைத் திருப்பினால் பின்னால் உள்ள, கேலிப்பர் வழுக்கி நகரும் கைடு பின்னும் கூடவே சுற்றும். அதனால் 15 ஸ்பேனரைப் பின்னின் தட்டையான பகுதியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பணும். இரண்டும் வந்ததும் கேலிப்பரைத் தூக்கி, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்சுவர் விரியும். ஹேண்ட் பிரேக் கேபிளைப் பேட் மாற்றுவதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் இடது பக்கத்துக்குக் கழற்றச் சொல்வேன், காரணம் பிறகு.

பழைய பேட் நான்கையும் எது எங்கே இருந்தது என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். குப்பையில் போட அவசரம் வேண்டாம், நோய் என்ன என்று அதுதான் சொல்லும்.

பிஸ்டனைச் சுற்றும்போது கண் டூலில் இருக்கக் கூடாது, ரப்பர் பூட்டில் இருக்கணும். பிஸ்டன் சுழலும்போது பூட்டும் ஒட்டிக்கொண்டு முறுக்கும். துணி பிழிவது போல் மடிப்பு விழுவது தெரிந்தால் நிறுத்தி, பூட்டின் உதட்டை விரலால் தூக்கி விடுவித்து, சிலிக்கான் கிரீஸ் துளி தடவி, பிறகு தொடருங்கள். முறுக்கோடு விட்டால் சில மாதத்தில் கிழியும், மழைத் தண்ணீர் உள்ளே போகும், பிஸ்டனில் துரு விழும். பிஸ்டன் சுற்றுகிறது ஆனால் உள்ளே போகவில்லை என்றால் அமுக்கம் போதவில்லை. முட்டுத்தகட்டை இன்னும் இறுக்குங்கள். வெளியே வருகிறது என்றால் திசை தவறு, உடனே நிறுத்தணும்.

புது பேட்டின் முதுகில் ஒட்டுப்பசையும் அதன் மேல் பாதுகாப்புத் தாளும் சில பிராண்டில் வரும். தாளை உரித்துவிட்டுப் போடுங்கள். உரிக்காமல் போட்டுவிட்டு "புது பேட் கத்துகிறது" என்று வருவோர் அதிகம். இறுக்கும் அளவு: கேலிப்பர் போல்ட் 35 நியூட்டன் மீட்டர், வீல் போல்ட் 120, நட்சத்திர வரிசையில், வண்டி தரையில் இறங்கிய பிறகு.

ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள், எது எப்படி இருந்தது என்று பார்க்க மறுபக்கம் இருக்கும். கேலிப்பர் வெளியே தொங்கும்போது யாரும் பிரேக் மிதிக்கக் கூடாது, ஹேண்ட் பிரேக் இழுக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வண்டிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

கம்பிபிரஷ்

மேலே சொன்னவர் வேலையை முழுவதும் சொல்லிவிட்டார். நான் இடது உள் பேட்டுக்கு வருகிறேன். அதைக் கண்டுபிடிக்காமல் புது செட் போட்டால் அடுத்த செட்டும் அப்படியே போகும்.

இது மிதக்கும் கேலிப்பர். பிஸ்டன் உள் பேட்டைத் தள்ளும், எதிர்விசையில் கேலிப்பர் உடம்பே கைடு பின்னில் வழுக்கி வந்து வெளிப் பேட்டை இழுத்து அமுக்கும். காலை எடுத்ததும் பிஸ்டன் சீலின் மீள்தன்மை பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுக்கும். இந்த மூன்றில் எது சிக்கினாலும் பேட் தேய்மானம் அதற்கேற்ற அடையாளத்தைக் காட்டும்.

உள் பேட் மட்டும் தின்றிருந்தால் காலை எடுத்தும் பிஸ்டன் விடவில்லை. காரணம் பிஸ்டன் துரு, இல்லையென்றால் ஹேண்ட் பிரேக் லீவர் முழுவதும் திரும்பாமல் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருப்பது. கைடு பின் இறுகினாலும் உள் பேட் அதிகம் தேயும், ஏனென்றால் கேலிப்பர் நகராவிட்டால் பிஸ்டன் தன் பக்கத்துப் பேட்டை மட்டுமே அழுத்தும். வெளிப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் அமுக்கிய கேலிப்பர் திரும்பிப் போகவில்லை. அதுவும் கைடு பின் பிரச்சினைதான். பேட் ஒரு முனையில் தடித்து, மறுமுனையில் சாய்வாக, ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால் ஒரு கைடு பின் மட்டும் இறுகியிருக்கிறது, அல்லது பேட்டின் முனையில் நீட்டிய காது கேரியரில் (கேலிப்பரைத் தாங்கும் சட்டம்) சிக்கியிருக்கிறது.

எனவே கேலிப்பரைக் கழற்றியதும் இரண்டு கைடு பின்னையும் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். வெண்ணெயில் விட்ட கத்தி போல் போகணும், விட்டால் காற்றழுத்தத்தில் கொஞ்சம் திரும்பி வரும். கரகர என்றால் வெளியே இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, பின்னில் துருக்குழி விழுந்திருக்கிறதா பாருங்கள். குழி இருந்தால் பின்னை மாற்றணும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். பின்னின் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதுவும் புதிது.

கிரீஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் கூடாது. பிரேக் ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது. ரப்பர் ஊதி, பின் இறுகிவிடும். டப்பாவில் சிலிக்கான் என்றோ, பிரேக் கேலிப்பருக்கு என்றோ எழுதியிருக்கணும். பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவாதீர்கள், காரணம் அதேதான். பிரேக் கிளீனர் இல்லை என்றால் சோப்புத் தண்ணீரே போதும். பேட் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து அள்ளுங்கள். என்ன கலந்தது என்று தெரியாத பழைய பேட் தூசி அது.

அடுத்து, அநேகர் தாண்டிப்போகும் இடம்: கேரியரில் பேட் காது உட்காரும் இரண்டு மேடை. அங்கே ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் கிளிப் இருக்கும். கிளிப் பளபளவென்று இருக்கும், அடியில் கேரியர் வார்ப்பிரும்பு துருப்பிடித்துப் பொரிந்து கிளிப்பை மேலே தள்ளியிருக்கும். கடற்கரை ஊர் வண்டிகளில் இதுதான் முதல் குற்றவாளி. கிளிப்பைக் கழற்றி, அடியில் உளியாலும் கம்பி பிரஷ்ஷாலும் துருவைச் சுரண்டி, வெற்று உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டுப் புது கிளிப்பைப் போடுங்கள். பேட்டை விரலால் வைத்தால் உட்காரணும், சுத்தியலால் தட்டி உட்கார வைத்த பேட் திரும்பிவராது. அப்படியும் இறுக்கமாக இருந்தால் பேட் காதில் உள்ள பெயின்ட்டை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. உலோகத்தை ராவ வேண்டாம், பிறகு பள்ளத்தில் கடகடக்கும்.

டிஸ்க்: விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும். 10 மி.மீ. டிஸ்க் என்றால் 8 வரை, 12 மி.மீ. என்றால் 10 வரை. தடிமன் அளக்கும் வெர்னியர் காலிப்பரை நேராக வைத்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பையும் சேர்த்து அளந்து ஏமாறுவீர்கள். இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, தேய்ந்த பரப்பின் மேல் அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழியுங்கள். இரண்டு மி.மீ.தான் மொத்தக் கையிருப்பு. அதை லேத்தில் பிடித்துத் தேய்ப்பது பின் டிஸ்க்குக்குக் கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். வரி ஆழமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றுவதாக இருந்தால் கேரியரும் கழலணும். அதன் போல்ட் அறுகோணத் தலை இல்லை, பன்னிரண்டு முனை உள்குழி, 14 அளவு. ஆலன் கீ கொடுத்தால் தலை மொட்டையாகும். 90 நியூட்டன் மீட்டர், அதன் மேல் கால் சுற்று, புது போல்ட்.

சிவிக்_எட்டு

நடுவில் ஒரு சந்தேகம். 2008 ஹோண்டா சிவிக்குக்கும் இதே கிட் ஆகுமா? நண்பர் ஒருவரின் பழைய பஸ்ஸாட், பி6, அதற்கும்?

ஸ்பேனர்13

சிவிக்: ஆகும், அதுவும் கடிகாரச் சுற்றுதான். ஒரு வித்தியாசம். உள் பேட்டின் முதுகில் சின்ன முளை ஒன்று உண்டு. பிஸ்டன் முகத்தில் உள்ள வெட்டு அந்த முளைக்கு நேராக நிற்கும்படி கடைசிச் சுற்றை நிறுத்தணும். தவறினால் முளை பிஸ்டன் மேட்டில் ஏறி உட்காரும், பேட் கோணலாகத் தேயும்.

பஸ்ஸாட் பி6: தொடாதீர்கள். ஹேண்ட் பிரேக் லீவரே கிடையாது, பட்டன்தான். கேலிப்பர் முதுகில் மோட்டார். கம்ப்யூட்டர் ஸ்கேனரைச் செருகி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோனால்தான் மோட்டார் பின்வாங்கும், அதன் பிறகு பிஸ்டன் நேராகவே உள்ளே போகும். ஸ்கேனர் இல்லாமல் அமுக்கினால் மோட்டார் கியர் போகும்.

ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டி வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்களுக்குப் பின்னால் டிரம், அதில் இருப்பது பேட் இல்லை, ஷூ. இது எதுவும் பொருந்தாது.

டாட்4

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கேலிப்பரில் காற்று எடுக்கும் பிளீடிங் நிப்பிளைத் திறந்துவிட வேண்டாமா? கேலிப்பருக்குள் இருக்கும் அழுக்கு ஆயில் அப்படியே ஏபிஎஸ் யூனிட்டுக்குத் திரும்பிப் போகாதா? நிப்பிளில் டியூப் மாட்டி, தளர்த்தி, பிஸ்டனை அமுக்கினால் பழைய ஆயில் பாட்டிலுக்கு வந்துவிடும். பிறகு மேலே புது ஆயில்.

கம்பிபிரஷ்

கொள்கையளவில் சரி. ஆனால் 15 வருஷ வண்டியில் இதுவரை யாரும் தொடாத நிப்பிள் கையோடு முறியும். முறிந்தால் பேட் மாற்ற வந்த வேலை கேலிப்பர் மாற்றும் வேலையாகிவிடும். ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறியிருந்தால் உள்ளே அழுக்கு என்று பெரிதாக இருக்காது, நிப்பிளைத் திறக்காமல் மெதுவாகச் சுற்றி அனுப்புவதே நல்லது. மாறவில்லை, டப்பாவில் ஆயில் டீ நிறத்தில் இருக்கிறது என்றால் முழு ஆயிலையும் மாற்றுவதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே நிப்பிளில் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, ஆறு முனை சாக்கெட்டால் முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்னத் தட்டு, பிறகு தளர்த்தல்.

வாங்க வேண்டிய பிரேக் ஆயில் டாட் 4 தரம். புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு தரம் அனுமதிக்கும் எல்லை 155. நம்மூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம், திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐப் பெயரில் ஒரு எண் கூடுதல் என்று மேம்பட்டதாக நினைத்து ஊற்றிவிட வேண்டாம், இதோடு கலக்காது.

லாரா2010

எல்லோருக்கும் நன்றி. கிட் வாங்கி வலது பக்கம் முடிந்தது, பிஸ்டன் சொன்னபடி சுற்றிக்கொண்டு போய்விட்டது. டிஸ்க் 9.3 மி.மீ. இருக்கிறது, 10 வகைதான், விட்டுவிட்டேன்.

இடது பக்கம் கைடு பின் இரண்டும் வழுக்குகிறது. பூட் கிழியவில்லை. ஆனால் ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கியும் கேலிப்பர் லீவருக்கும் அதன் ஸ்டாப்பருக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைகிறது. வலது பக்கம் அப்படி இல்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சென்டர் கன்சோலுக்குள் பார்த்தால் கேபிள் நட் ஏற்கனவே நிறைய இறுக்கப்பட்டிருக்கிறது, மரை நீளமாக வெளியே தெரிகிறது. முன்பு ஒரு ஒர்க்ஷாப்பில் "ஹேண்ட் பிரேக் லூஸ்" என்று விட்டபோது செய்திருக்க வேண்டும். இனி என்ன செய்ய?

ஸ்பேனர்13

நோய் கிடைத்துவிட்டது. அந்த லீவர் ஸ்டாப்பரில் வந்து உட்கார்ந்தால்தான் உள்ளே இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யும். பாதி வழியில் நின்றால் இரண்டு கேடு: பிஸ்டன் எப்போதும் லேசாகத் தள்ளப்பட்டு உள் பேட் உரசிக்கொண்டே இருக்கும், பேட் தேய்ந்த இடைவெளியையும் அட்ஜஸ்டர் நிரப்பாது. அதனால் ஹேண்ட் பிரேக் மேலே மேலே வரும், அதற்கு மருந்தாகக் கேபிளை இறுக்குவார்கள், லீவர் இன்னும் விலகும்.

இப்போது செய்ய வேண்டியது: கன்சோல் நட்டை முழுவதும் தளர்த்துங்கள். இடது லீவரைப் பிளையரால் லேசாக முன்னே தள்ளினால் கேபிள் முனை கொக்கியிலிருந்து கழன்றுவிடும். கேபிள் இல்லாத லீவரை ஸ்குரூ டிரைவரால் முழுவதும் தள்ளி விடுங்கள். "டக்" என்று ஸ்டாப்பரில் வந்து அடித்தால் கேலிப்பர் நல்லது, குற்றம் கேபிளில். கேபிள் உறைக்குள் கம்பி வழுக்குகிறதா என்று மறுமுனையை ஒருவர் இழுத்துப் பார்த்தால் தெரியும். உறை வெடித்துத் தண்ணீர் போயிருந்தால் கேபிளை மாற்றணும். உள்ளே எண்ணெய் விட்டால் ஒரு மழை தாங்கும், அவ்வளவுதான்.

லீவர் மெதுவாக வருகிறது, அல்லது நடுவில் நிற்கிறது என்றால் லீவர் தண்டின் சீல் வழியாகத் தண்ணீர் போய் உள்ளே துரு. கடையில் கிடைக்கும் சாதாரண சீல் கிட்டில் பிஸ்டன் சீலும் பூட்டும்தான் இருக்கும், இந்தத் தண்டுக்கு அது உதவாது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கேலிப்பர் கிடைக்கும் என்பார்கள். அதே வயது, அதே துரு. கேரியர் வேண்டுமானால் அங்கே வாங்கலாம், கேலிப்பர் வாங்க நான் சொல்ல மாட்டேன். புது கேலிப்பர் என்றால் ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் புது வாஷர், மாட்டிய பிறகு நிப்பிள் மேல்பக்கம் நிற்கிறதா என்று பார்த்து, அந்த வீலில் காற்று எடுக்கணும்.

எது மாறினாலும் கேபிளைக் கடைசியாகத்தான் அட்ஜஸ்ட் செய்யணும். வரிசை முக்கியம். முதலில் கேபிள் தளர்ந்த நிலையிலேயே பிரேக் பெடலை மிதித்துப் பேட்டை டிஸ்க்கோடு சேருங்கள். முதல் சில மிதியில் பெடல் பள்ளத்தில் விழும், அது இயல்பு. பழைய வண்டி என்பதால் தரை வரை அடித்து மிதிக்காதீர்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் இதுவரை போகாத துருப்பகுதிக்குப் போய்க் கீறிக்கொள்ளும். பாதி மிதி, விடு, பாதி மிதி, விடு என்று கல் மாதிரி ஆகும்வரை. பிறகு கன்சோல் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இரண்டு லீவரும் ஸ்டாப்பரிலிருந்து விலகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 1.5 மி.மீ.க்குள் இருக்கணும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல விலகணும். ஹேண்ட் பிரேக்கை மூன்று முறை இழுத்து இறக்கி, வீல் இரண்டும் கையால் சுற்றுகிறதா பாருங்கள். லேசாக உரசும் சத்தம் வரலாம், பிடித்து நிறுத்தக் கூடாது.

கம்பிபிரஷ்

ஓட்டுவதற்கு முன் பிரேக் ஆயில் அளவை மறுபடி பார்த்துவிடுங்கள், உறிஞ்சி எடுத்ததை மறந்திருப்பீர்கள்.

பிறகு காலியான சாலையில் 50 வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பது, நிறுத்தாமல் மறுபடி ஏற்றுவது, நடுவே அரை நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது, இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. சூடான பேட்டோடு சிக்னலில் மிதித்தபடியே நிற்காதீர்கள், பேட் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிப் பிறகு நடுக்கம் வரும். முதல் 200 கி.மீ. வரை பேட்டின் முழுப் பிடிமானம் கிடைக்காது, ஏற்காடு மாதிரி மலை இறக்கம் இந்த வாரம் வேண்டாம்.

திரும்பி வந்ததும் பின் வீல் இரண்டின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இடது மட்டும் அனலடித்தால் லீவர் இன்னும் திரும்பவில்லை. மழையில் நனைந்தோ கழுவியோ நிறுத்தும்போது சமதரையில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு ஒரு கட்டை வையுங்கள். ஈரப் பேட் டிஸ்க்கோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், காலையில் "டொக்" என்று சத்தத்தோடு பிரியும். டிஸ்க்கின் மேல் மறுநாள் தெரியும் செந்துருவுக்குப் பயப்படாதீர்கள், நாலு பிரேக்கில் போய்விடும்.

ஆயிரம் கி.மீ. ஆனதும் இடது வீலை மட்டும் ஒருமுறை கழற்றி உள் பேட்டையும் வெளிப் பேட்டையும் ஒப்பிட்டு அளவு போடுங்கள்.